குளோன் வார்ஸ் கடைசி எபிசோட்: மௌலைத் திறந்துவிட்டது சரியா? (கதை முழுக்க வெளிப்படும், பார்க்காதவர்கள் உள்ளே வர வேண்டாம்)

நீலவாள்

ஸ்டார் வார்ஸ் அனிமேஷன் தொடரான 'தி குளோன் வார்ஸ்'இல் 2020 மே 4 அன்று 'விக்டரி அண்ட் டெத்' வந்தது. ஏழாவது சீசனின் பன்னிரண்டாவது எபிசோட், தொடருக்கும் இதுதான் கடைசி. 2008இல் தியேட்டருக்கு வந்த படத்தில் ஜெடாய் (ஒளிவாள் ஏந்தும் காவல் வீரர்கள்) பயிற்சி பெறும் வாய்த்துடுக்கான சிறுமியாக அறிமுகமான அசோகா ஒருநாள் இப்படி ஒரு இடத்தில் வந்து நிற்பாள் என்று அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். 2013இல் தொடரை நிறுத்தினார்கள். முடித்து வைத்திருந்த பதின்மூன்று எபிசோடையும் 2014இல் நெட்ஃபிளிக்ஸில் விட்டார்கள். திரும்ப வருகிறது என்ற அறிவிப்பு 2018இல்தான் வந்தது. இவ்வளவு இழுபறிக்குப் பிறகு கிடைத்த முடிவு இது. ஓவியம், இசை, கடைசி சில நிமிடங்கள் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. முந்தைய எபிசோடான 'ஷேட்டர்ட்'டில் ஜெடாய்களைக் கொல்லச் சொல்லி உத்தரவு வந்து, கப்பலில் உள்ள குளோன் வீரர்கள் அசோகாவைத் தேடுகிறார்கள். அப்போது அவள்தான், கைதியாக இருக்கும் வில்லன் மௌலின் கூண்டைத் திறக்கிறாள். கையில் ஆயுதம் தரவில்லை, நேசமும் காட்டவில்லை. போய் களேபரம் பண்ணு, அது போதும் என்கிறாள். அவனும் பண்ணுகிறான். நடைவழியில் வந்த குளோன் வீரர்களைக் கதவையும் சுவர்த்தகட்டையும் வைத்தே கொன்று தள்ளுகிறான். இந்த எபிசோடில் நேராக, கப்பலை ஒளியை மிஞ்சி ஓட்டும் ஹைப்பர்டிரைவ் இயந்திர அறைக்குப் போய் அதையும் நொறுக்குகிறான். கப்பல் ஹைப்பர்ஸ்பேஸிலிருந்து வெளியே விழுகிறது, பக்கத்தில் இருந்த நிலா அதை இழுத்துக்கொள்கிறது. கப்பலில் இருந்த அத்தனை வீரர்களும் முடிந்தார்கள்.

இதற்கு நடுவில், வெளியே நிற்பவர்கள் நம்மைக் கொல்லத்தான் காத்திருக்கிறார்கள் என்று குளோன் படைத்தலைவன் ரெக்ஸ் அழுதுகொண்டு சொல்லும்போது, அவர்களைக் கொல்பவள் நானாக இருக்க மாட்டேன் என்கிறாள் அசோகா. கேட்கும்போது சிலிர்த்தது. அப்புறம் யோசித்தால், அவர்களைக் கொன்ற திட்டமே அவளுடையதுதானே? அதைப் பற்றி எபிசோட் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இது எழுத்தில் உள்ள ஓட்டையா, வேண்டுமென்றே விட்டதா?

332வது_படை

அதெல்லாம் இருக்கட்டும். ஜெஸ்ஸி.

இப்போதைக்கு வேறு எதுவும் எழுத வரவில்லை.

அரைகுறைஜெடாய்

நீலவாள், நடந்த வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். மௌலைத் திறக்கும் நேரத்தில் அவளுக்கு என்ன தெரியும்? தன் முகக் குறிகளைத் தலைக்கவசத்தில் வரைந்துகொண்ட வீரர்கள் திடீரென்று துப்பாக்கியைத் திருப்பிவிட்டார்கள். ரெக்ஸே சுட்டான். சுடுவதற்கு முன் கை நடுங்க, செத்துப்போன தோழன் ஃபைவ்ஸ் பெயரைச் சொன்னான், அவ்வளவுதான் துப்பு. உத்தரவுக்குக் கட்டுப்பட வைக்கும் சிப் மூளைக்குள் இருக்கிறது, அதை எடுத்துவிட்டால் ஆள் பழையபடி ஆகிவிடுவான் என்பதெல்லாம் பிறகுதான் தெரிகிறது. ஒரு முழு ஸ்டார் டெஸ்ட்ராயர் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறது. ரெக்ஸை மருத்துவ அறைக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்குள் யாரும் வரக்கூடாது. கவனத்தைத் திருப்ப அவளிடம் இருந்த ஒரே பொருள் மௌல்.

அவன் ஹைப்பர்டிரைவை உடைப்பான் என்று எப்படித் தெரியும்? அவனும் அதே கப்பலில்தானே இருக்கிறான்!

நீலவாள்

சிப் தெரியாது, சரி. மௌலைத் தெரியுமே! முந்தைய எபிசோடில் அவனைக் கையும் காலுமாகப் பிடித்துக் கட்டியவளே அவள்தான். களேபரம் பண்ணு என்று அவனிடம் சொன்னால் நடைவழியில் என்ன நடக்கும் என்று தெரியாமல் சொன்னாளா? ஹைப்பர்டிரைவை விடுங்கள், அந்த நடைவழிக்கே கணக்கு இருக்கிறது.

கவசக்காரி

இரண்டு பேரும் மௌலிலேயே நிற்கிறீர்கள். எனக்கு இந்த எபிசோடின் மையம், கப்பலுக்குள் விமானங்கள் நிறுத்தும் ஹேங்கரில் நடக்கும் அந்த வாதம்தான்.

ரெக்ஸ் அசோகாவைக் கைதியாகப் பிடித்துவந்தவன் போல நடத்திக் கூட்டிவருகிறான். எதிரே அவனுடைய பழைய தோழன் ஜெஸ்ஸி, பின்னால் அணிவகுத்த படை. ரெக்ஸ் சட்டம் பேசுகிறான்: உத்தரவு ஜெடாய்களுக்கானது, இவள் ஜெடாய் சங்கத்தை விட்டுப் போனவள், இவளைச் சுட்டால் அதுதான் குற்றம் என்கிறான். என்ன அழகான வாதம்! ஐந்தாவது சீசன் முடிவில் அவள் சங்கத்தைத் துறந்து படியிறங்கிப் போனதற்கு ஏழு வருடம் கழித்து இப்படி ஒரு பயன் வந்திருக்கிறது. ஒரு நொடி, ஜெஸ்ஸி ஒத்துக்கொள்வானோ என்று நமக்கே ஆசை வருகிறது. ஒத்துக்கொள்ளவில்லை. உத்தரவில் அவள் பெயரும் உண்டு என்கிறான், ரெக்ஸையும் துரோகி ஆக்கிவிடுகிறான்.

இந்த இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு குரலும் ஒரே ஆளுடையது. டீ பிராட்லி பேக்கர்தான் தொடரில் உள்ள குளோன்கள் அத்தனை பேருக்கும் பேசுகிறார். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது ரெக்ஸ், எது ஜெஸ்ஸி என்று தெரிகிறது. ரெக்ஸ் கெஞ்சலை அடக்கிக்கொண்டு பேசுகிறான், ஜெஸ்ஸியின் குரலில் ஈரமே இல்லை. இத்தனை வருடமாக இந்த மனிதர் செய்துகொண்டிருந்ததெல்லாம் இந்தக் காட்சிக்கான ஒத்திகைதானோ என்று தோன்றியது.

நீலவாள் கேட்டதற்கு என் பதில்: குற்றம் யாருடையது என்று தேடினால் மௌல் வரைக்கும் வரவே தேவையில்லை. ஆறாவது சீசனின் முதல் நான்கு எபிசோடிலேயே ஃபைவ்ஸ் சிப்பைக் கண்டுபிடித்துவிட்டான். அவனைப் பைத்தியம் என்று சொல்லி முடித்துக் கட்டினார்கள். ரெக்ஸ் மட்டும் அதை நம்பி அறிக்கை எழுதினான், அதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. அன்றைக்கு அதைப் படித்திருந்தால் இன்றைக்கு இந்தக் கப்பல் விழுந்திருக்காது.

332வது_படை

இப்போது எழுத வருகிறது.

நான்காவது சீசனின் அம்பாரா கதை நினைவிருக்கிறதா? ஜெனரல் கிரெல்லின் உத்தரவை மீறியதற்காக இரண்டு பேரை நிற்கவைத்துச் சுடச் சொல்கிறார்கள். ஒருவன் ஃபைவ்ஸ். இன்னொருவன் ஜெஸ்ஸி. துப்பாக்கி பிடித்த சகோதரர்கள் வேண்டுமென்றே குறி தவறிச் சுட்டு இரண்டு பேரையும் காப்பாற்றுகிறார்கள்.

உத்தரவு தப்பு என்று தெரிந்தால் சுட வேண்டியதில்லை என்ற ஒரே காரணத்தால் உயிரோடு இருந்தவன் ஜெஸ்ஸி. அவன்தான் ஹேங்கரில் நின்று, ரெக்ஸைச் சுடு என்கிறான். ரெக்ஸ் பேசப் பேச, எனக்கு அந்தத் துப்பாக்கி வரிசைதான் கண்ணில் வந்தது. ஒரு பழைய காட்சியைக்கூடக் காட்டாமல், வசனத்தில் ஒரு குறிப்பும் தராமல், ஆளை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தெரிந்தவனுக்கு வலிக்கும், தெரியாதவனுக்கும் காட்சி நிற்கும். எழுதிய டேவ் ஃபிலோனிக்கு இதற்கே ஒரு கும்பிடு.

கவசக்காரி

ஐயோ. இதை யோசிக்கவே இல்லை. இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருக்கிறது, பார்க்கவும் பயமாக இருக்கிறது.

ஒய்விங்_ஓட்டி

கனமான பேச்சுக்கு நடுவில் ஒரு சின்ன அறிவியல் நச்சரிப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் நிலாவை நோக்கி விழும்போது உள்ளே இருப்பவர்களும் பொருட்களும் மூக்குப் பக்கமாகச் சரிகிறார்கள். வெற்றிடத்தில் அப்படி நடக்கக்கூடாது. கப்பலும் அதற்குள் உள்ளவையும் ஒரே வேகத்தில் விழுவதால் ஒன்றை விட்டு ஒன்று நகராது. நம் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆட்கள் மிதப்பதும் இதனால்தான். அது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது, அங்கே புவியீர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம். ஈர்ப்பு இல்லாமல் மிதப்பதில்லை, தொடர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால் மிதக்கிறார்கள்.

ஆனால் காற்று மண்டலத்துக்குள் நுழைந்ததும் கதை மாறும். கப்பலின் உடலைக் காற்று தடுக்கும், உள்ளே சும்மா கிடக்கும் பெட்டியைத் தடுக்க எதுவும் இல்லை. அதனால் பெட்டி விழும் திசையிலேயே முந்திக்கொண்டு ஓடும். மேகத்துக்குள் புகுந்த பிறகு எல்லாம் சரிந்து உருள்வதில் தப்பில்லை. அதற்கு முன்னால் சரிவதற்கு, கப்பலின் செயற்கை ஈர்ப்பு பழுதாகிவிட்டது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

எனக்கு அதைவிட அந்த நிலாதான் ஆச்சரியம். மூச்சு விட முடிகிறது, பனி பெய்கிறது, நடந்தால் நம் ஊர் எடையில் நடக்கிறார்கள். நம் சூரியக் குடும்பத்தில் அடர்த்தியான காற்று மண்டலம் உள்ள நிலா டைட்டன் ஒன்றுதான். தரையில் அழுத்தம் பூமியைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும். ஆனால் ஈர்ப்பு ஏழில் ஒரு பங்குதான். அவ்வளவு குறைந்த ஈர்ப்பிலும் காற்றைப் பிடித்து வைத்திருக்க முடிவதற்கு முக்கியக் காரணம் மைனஸ் 179 டிகிரி குளிர். வெப்பம் ஏறினால் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போய்விடும். ஆக, தலைக்கவசம் இல்லாமல் நின்று மூச்சு விடக்கூடிய நிலா என்றால் அது ஒரு கோள் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். அது சுற்றும் கோள் இன்னும் எவ்வளவு பெரியதோ!

ஏழாம்சுற்று

ஒளிவாளோடு விழுகிற கப்பலின் உடைசல் மேல் ஓடி, பறக்கிற ஒய்-விங் போர்விமானத்தில் தொற்றிக்கொள்வது பரவாயில்லை. காற்றுத் தடைதான் உங்களுக்குப் பிரச்சினை.

ஒய்விங்_ஓட்டி

பாதிக்கு மேல் சரி என்றுதான் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுக் கிண்டல் பண்ணுங்கள்.

பின்னணி_இசை

யாரும் இசையைப் பற்றிப் பேசவில்லையே. கெவின் கைனர் 2008 படத்திலிருந்தே இந்தத் தொடருக்கு இசையமைக்கிறார். வழக்கமாக இந்த உலகத்துக்கு முழு ஆர்கெஸ்ட்ராதான். இந்தக் கடைசி நான்கில் அவர் மின்னணு ஒலிக்குள் இறங்கியிருக்கிறார். நீண்ட, மெல்ல ஏறி இறங்கும் ஒலிகள். வெற்றி முழக்கம் எங்கும் இல்லை. கடைசியில் வேடர் (இருள் பக்கம் போன அனகின், அசோகாவின் குரு) வரும் இடத்தில் கூட இசை தணிந்துதான் இருக்கிறது. வேறு யார் கையிலாவது கிடைத்திருந்தால் பித்தளைக் கருவிகளை அலற விட்டிருப்பார்கள்.

ஆரம்பத்தையும் கவனியுங்கள். வழக்கமான அறிமுக இசை கிடையாது, போர்ச் செய்தி வாசிக்கும் டாம் கேனின் குரல் கிடையாது. முகப்பில் வரும் நீதிவாசகமும் கிடையாது. தொடரின் எல்லா அடையாளங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

ஓவியம் பற்றியும் சொல்ல வேண்டும். 2008இல் இந்த முகங்களைப் பார்த்து மரப்பொம்மை என்று எல்லோரும் சிரித்தார்கள். உண்மையில் அது திட்டமிட்ட பாணி. 'தண்டர்பேர்ட்ஸ்' என்ற பழைய பொம்மைத் தொடரின் சாயலை வேண்டி வைத்தது. அதே செதுக்கிய முகத்தில்தான் இப்போது ரெக்ஸின் கண்ணீர் வழிகிறது, அது பொம்மையாகத் தெரியவில்லை. 'தி ஃபாண்டம் அப்ரெண்டிஸ்' சண்டைக்கு, 1999 படத்தில் மௌலாக நடித்த ரே பார்க்கையே கூப்பிட்டு, லாரன் மேரி கிம்மை அசோகாவாக நிறுத்தி, உடலசைவைப் பதிவு செய்தார்கள். இவ்வளவு செலவழித்து ஒரு சண்டையை இரண்டு எபிசோடுக்கு முன்பே முடித்துவிட்டு, இறுதி எபிசோடில் வாளோடு வாள் மோதும் காட்சியே வைக்கவில்லை. அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பிடித்தது.

ஏழாம்சுற்று

துணிச்சல் பற்றிப் பேசுவதென்றால் நானும் ஒன்று சொல்கிறேன், திட்டுங்கள் பரவாயில்லை. கடைசி நான்கு எபிசோட் பிரமாதம். ஆனால் இந்த சீசன் பிரமாதமில்லை. மொத்தம் பன்னிரண்டு. முதல் நான்கு பேட் பேட்ச் கதை, அதன் அரைகுறை வடிவத்தை 2015இலேயே வெளியிட்டுவிட்டார்கள். நடு நான்கு அந்த மார்ட்டெஸ் சகோதரிகள். தலைநகரின் அடித்தளத்தில் கப்பல் பழுது பார்க்கும் டிரேஸ், குறுக்கு வழியில் காசு பார்க்கும் ராஃபா, மசாலா என்று அவர்கள் சொல்லும் போதைப்பொருள் கடத்தல், சிறை, தப்பித்தல், மறுபடி சிறை. இதற்கு நான்கு வாரம் போனது! இத்தனை வருடம் காத்திருந்தவனுக்குக் கொடுக்கிற விருந்தா அது? அந்த நான்கையும் ஒன்றாகச் சுருக்கி, கடைசி நான்கான மாண்டலோர் முற்றுகைக் கதையை ஆறு எபிசோடாக எடுத்திருந்தால் நீலவாளின் கேள்விக்குப் பதில் சொல்லவும் நேரம் இருந்திருக்கும்.

அரைகுறைஜெடாய்

இதில் நான் ஏழாம்சுற்று கட்சி. மாண்டலோர் வீராங்கனை போ-கட்டான் வந்து அசோகாவைக் கூப்பிடுகிற அந்தக் கடைசி நிமிடம் போதும், மற்றதை வெட்டிவிடலாம்.

தூசுமண்டலம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். சகோதரிகள் கதையை வெட்டச் சொல்வதால் வாய் திறக்கிறேன். நீலவாளின் கேள்விக்குப் பதில் அந்தக் கதையில்தான் இருக்கிறது.

சிறைக்குள் ராஃபா ஜெடாய்களை வெறுப்பதற்கான காரணம் சொல்வாள், நினைவிருக்கிறதா? சிறையிலிருந்து ஜீரோ என்ற குற்றக் கும்பல் தலைவனை மீட்டுக்கொண்டு ஓடியவர்களை ஜெடாய்கள் துரத்துகிறார்கள். ஓடுகிற கப்பல் கூட்டத்தின் மேல் விழப் போகிறது. ஒரு ஜெடாய் அதைத் திருப்பி விடுகிறார். கூட்டம் பிழைத்தது. திரும்பிய கப்பல் இந்தச் சிறுமிகளின் வீட்டின் மேல் விழுந்தது, பெற்றோர் செத்தார்கள். பிறகு அந்த ஜெடாய் நேரில் வந்து, ஒரு தேர்வு செய்ய வேண்டியிருந்தது, கவலைப்படாதே, ஃபோர்ஸ் உன்னோடு இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அசோகா வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். தான் யார் என்றுகூட அப்போது சொல்ல முடியாது அவளால்.

இப்போது கடைசி எபிசோடைப் பாருங்கள். மறுபடி ஒரு தேர்வு. அதற்குப் பலன் மறுபடி விழுகிற ஒரு கப்பல். இந்தத் தடவை தேர்வு செய்தவள் அசோகா, செத்தவர்கள் அவள் முகக் குறிகளைத் தலையில் சுமந்தவர்கள். அவள் என்ன செய்கிறாள்? தேறுதல் வார்த்தை எதுவும் இல்லை. உடைந்த கப்பலிலிருந்து ஒவ்வொரு உடலாக எடுத்துப் புதைக்கிறார்கள். வரிசையாகக் கம்பு நட்டு ஒவ்வொன்றிலும் ஒரு கவசம். ரெக்ஸும் அவளும் இரண்டு பேர் மட்டும். எவ்வளவு நாள் ஆகியிருக்கும் அதற்கு? நம்மைத் தேடி வருவார்கள் என்று தெரிந்தும் அங்கேயே நின்று அதை முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்கள்.

எபிசோட் அவளிடம் கேள்வி கேட்கவில்லை என்றீர்கள், நீலவாள். கேட்டிருக்கிறது. அவளும் பதில் சொல்லியிருக்கிறாள், வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒய்-விங்கில் ஏறிய பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, கவனித்தீர்களா? நான் செய்தது சரியா ரெக்ஸ் என்று அங்கே ஒரு வசனம் வைத்திருந்தால், ரெக்ஸ் ஆறுதல் சொல்லியிருப்பான், நாமும் அவளை மன்னித்துவிட்டு நிம்மதியாக எழுந்து போயிருப்போம். ராஃபாவுக்குக் கிடைத்த அதே மாதிரி ஆறுதல். அதைத்தான் இவர்கள் மறுத்திருக்கிறார்கள்.

கவசக்காரி

எழுந்து நின்று கைதட்டுகிறேன்.

நீலவாள்

தூசுமண்டலம், இது நல்ல வாசிப்பு. அந்தச் சிறைக் காட்சியையும் இதையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு வாரமும் வீண் இல்லைதான். ஆனாலும் ஒரு முழத்துக்கு மேல் என்னால் இறங்கி வர முடியவில்லை. புதைப்பது பொறுப்பேற்பதாகிவிடுமா? ராஃபாவுக்குக் கோபப்பட உயிர் இருந்தது. இந்த வீரர்களில் ஒருவன் பிழைத்து, சிப் கழன்று, அசோகா முன்னால் வந்து நின்றால் அவள் என்ன சொல்வாள்? அந்த ஒருவனை எழுத்தாளர் உயிரோடு விடவில்லை. ரெக்ஸைத் தவிர எல்லோரும் செத்துவிட்டது அவருக்கு வசதியாகவும் இருக்கிறது.

332வது_படை

ரெக்ஸ் இருக்கிறானே. அவனும் அவளைச் சுட்டவன், அவளும் அவன் சகோதரர்கள் சாகக் காரணமானவள். இரண்டு பேரும் சேர்ந்து குழி வெட்டுகிறார்கள். நீங்கள் கேட்கிற காட்சி அதுதான் என்று எனக்குப் படுகிறது.

அரைகுறைஜெடாய்

என்னைக் கேட்டால் மௌலைத் திறந்ததைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, அதை யாரும் தொடவில்லை. மௌல் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டான்: பின்னாளில் பேரரசர் ஆகும் சிடியஸ் குறி வைத்திருப்பது அனகினை. அவள் நம்பவில்லை, சரி. ஆனால் 'ஷேட்டர்ட்' ஆரம்பத்தில் ஜெடாய் சபையோடு ஹோலோகிராமில் பேசுகிறாள். மேஸ் விண்டு, இது சபை விவகாரம், நீ வெளியாள் என்கிற தொனியில் வெட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு யோடாவிடம் தனியாகப் பேச நேரம் கிடைத்தும் அனகின் பற்றி மௌல் சொன்னதை அவள் சொல்வதில்லை. அந்த ஒரு வாக்கியம் போயிருந்தால்?

அவள் மேல் மட்டும் பழி போடவில்லை. விண்டு கொஞ்சம் மரியாதையாகப் பேசியிருந்தால் சொல்லியிருப்பாள். 2005இல் வந்த படத்தில் நாம் பார்த்த அழிவுக்கு ஓரத்தில் இப்படி ஒரு சின்ன வாசல் திறந்து மூடியிருக்கிறது என்று காட்டுகிறார்கள். எனக்கு முழுத் தொடரிலும் கடுப்பேற்றிய காட்சி அதுதான். நல்ல அர்த்தத்தில்.

ஒய்விங்_ஓட்டி

டிராய்டுகளையும் (ரோபோக்கள்) யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன். ஆர்7, சீப், ஜி-ஜி. மூன்றும்தான் கோப்பைத் தேடித் தந்தன, கதவைத் திறந்தன, ஹேங்கர் தளத்தைக் கீழே இறக்கின. மூன்றையும் சுட்டுப் போட்டார்கள். அவற்றுக்குக் கம்பும் இல்லை, கவசமும் இல்லை.

ஏழாம்சுற்று

இது மட்டும் நியாயமான புகார்.

பின்னணி_இசை

இப்போது வேடர் காட்சி. பனி மூடிய சிதைவு. கவசங்கள் பாதி புதைந்து நிற்கின்றன. வேடர் அசோகா விட்டுச்சென்ற வாளை எடுக்கிறார், பற்றவைக்கிறார், நீல ஒளி. அண்ணாந்து பார்க்கிறார், மேலே ஒரு பறவை. வாளோடு திரும்பி நடக்கிறார். முகமூடிக்குள் கண் கொஞ்சம் தெரிகிறது, கவனித்தீர்களா?

என் கேள்வி: அந்தப் பறவையைப் பார்த்ததும் அவருக்கு அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டதா? மூன்றாவது சீசனின் மோர்ட்டிஸ் கதையில், செத்துக்கொண்டிருந்த, 'மகள்' என்று அழைக்கப்படும் தெய்வீகப் பெண் தன் உயிரை அசோகாவுக்குக் கொடுக்கிறாள். அதற்கு நடுவில் நின்று உயிரைக் கடத்தியவன் அனகின். பச்சை நிறப் பறவைக்கும் அந்த மகளுக்கும் தொடர்பு உண்டு என்பதை 'ரெபெல்ஸ்' என்ற இன்னொரு ஸ்டார் வார்ஸ் தொடரைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அப்படியானால் வேடருக்குத் தெரியாமல் இருக்குமா?

தூசுமண்டலம்

தெரிந்திருந்தால் 'ரெபெல்ஸ்' இரண்டாவது சீசன் உதைக்கும். அங்கே விண்ணில் நடக்கும் துரத்தலில் அசோகாவை உணர்ந்த பிறகுதான், அனகினின் சிஷ்யை உயிரோடு இருக்கிறாள் என்று பேரரசரிடம் புதுச் செய்தியாகச் சொல்கிறார். அவள் வாளைப் போட்டுவிட்டுப் போனதே, செத்துவிட்டாள் என்று நம்பட்டும் என்றுதானே.

பறவை நமக்குத்தான். வேடர் பார்த்தது வானத்தில் ஒரு பறவை. அனகினாக இருந்திருந்தால் புரிந்திருக்கும்.

பின்னணி_இசை

அல்லது புரிந்தும் சொல்லாமல் வைத்துக்கொண்டார். பேரரசரிடம் எல்லாவற்றையும் சொல்கிற ஆள் இல்லையே அவர். அந்த வாளைத் தேடி எடுத்துக்கொண்டு போகிறவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

332வது_படை

நான் பின்னணி_இசை பக்கம். ஆதாரம் கேட்காதீர்கள்.

முதல்தடவை_பார்ப்பவன்

வணக்கம். நான் தொடரைப் பார்த்ததே இல்லை, திரைப்படங்கள் மட்டும் பார்த்திருக்கிறேன். இந்தக் கடைசி நான்கை மட்டும் பார்த்தால் புரியுமா?

கவசக்காரி

தலைப்பில் போட்டிருந்ததே! முழுக்கப் படித்துவிட்டீர்களா? சரி, போகட்டும். கதை புரியும், ஆனால் வலிக்காது. வலிக்க வேண்டும் என்றால் குறைந்தது இவற்றைப் பாருங்கள்: நான்காவது சீசனில் ஏழிலிருந்து பத்து வரை அம்பாரா, ஐந்தாவது சீசனின் கடைசி நான்கு, ஆறாவது சீசனின் முதல் நான்கு. அப்புறம் ஏழாவது சீசன். மொத்தம் 133 எபிசோட் இருக்கிறது, எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன்.

தூசுமண்டலம்

நேரம் இருந்தால் மூன்றாவது சீசனின் மோர்ட்டிஸ் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழாவது சீசனில் சகோதரிகள் கதையைத் தாண்டிப் போக வேண்டாம்.

ஏழாம்சுற்று

தாண்டலாம். சிறையில் ராஃபா பேசுகிற இடம் வருகிற ஒரு எபிசோடை மட்டும் பாருங்கள், போதும்.

தூசுமண்டலம்

ஒன்று மட்டும் பார்த்தால் யார் பேசுகிறாள், யாரிடம் பேசுகிறாள் என்றே தெரியாது.

ஏழாம்சுற்று

சரி, இரண்டு. அதற்கு மேல் இறங்க மாட்டேன்.